வாசனை வராத அறை

புது ஆய்வகத்துக்கு நாங்கள் மாறி வந்து அன்றோடு முப்பத்தெட்டு நாள்.

புது ஆய்வகம் என்றாலும் கட்டடம் பழசு. ஓசூர் சிப்காட்டில் எங்கள் மருந்துக் கம்பெனியின் கேன்டீனாக இருந்தது. சமையல் மேடையை இடித்தார்கள். புகைபோக்கியை மேலே தகரம் வைத்து மூடினார்கள். வெள்ளைப் பலகைகளால் ஃபால்ஸ் சீலிங் போட்டு, சுவரோரம் நான்கு ஃப்யூம் ஹூட் வைத்தார்கள். ஹூட் என்பது முன்பக்கம் கண்ணாடி வைத்த பெரிய பெட்டி. அதற்குள் அமிலத்தையோ பிரிடினையோ ஊற்றிக் காய்ச்சினால், எழும் ஆவியை மொட்டைமாடி விசிறி குழாய் வழியாக இழுத்து வெளியே தள்ளிவிடும். எங்கள் மூக்குக்கு வராது. வரக் கூடாது.

நானும் லாவண்யாவும் அங்கே ட்ரெயினி கெமிஸ்ட். அவள் அருப்புக்கோட்டை, நான் மத்தூர். பாகலூர் ரோட்டில் ஒரே அறையில் தங்கியிருந்தோம். அவள் பேசுவாள், நான் கேட்பேன். கடையில் எனக்குச் சில்லறை குறைவாகக் கொடுத்தாலும் அவள்தான் போய்க் கேட்டு வாங்கி வருவாள்.

வந்த புதிதில் எல்லோருக்கும் அந்த அறை ஒரு வேடிக்கை. நான்கு ஹூட்டும் ஓடும்போது கதவைச் சாத்தினால் பழைய புகைபோக்கிப் பக்கமிருந்து சாம்பார் வாசனை வருகிறது என்றார்கள். "இன்னைக்கு முருங்கக்கா. நேத்து முள்ளங்கி" என்று லாவண்யா கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே மூச்சை இழுத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

அன்று மாலை யாரும் இல்லாதபோது அமோனியா பாட்டிலைத் திறந்து முகத்தருகே பிடித்தேன். கண் எரிந்தது, தண்ணீராக வழிந்தது. அவ்வளவுதான். அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். மே மாதம். அப்பா தோட்டத்து மாம்பழத்தை அறுத்துத் தட்டில் வைத்தார். இனித்தது. வெறும் இனிப்பு, சர்க்கரைத் தண்ணீரை மென்றதுபோல. "எப்படிக்கீது?" என்று கேட்டார். நல்லா இருக்குப்பா என்றேன்.

யாரிடமும் சொல்லவில்லை. ப்ளாண்டில் இருந்த அன்புமணிக்குக் கையெல்லாம் கொப்புளம் வந்தபோது கம்பெனி டாக்டரிடம் காட்டினான். டாக்டர் களிம்பு எழுதிக் கொடுத்தார். அடுத்த மாதம் அவனுடைய கான்ட்ராக்டைப் புதுப்பிக்கவில்லை. எனக்கு வேலை நிரந்தரம் ஆக வேண்டிய மாதம் அது. என் வேலைக்கு மூக்கும் ஒரு கருவி. ஒவ்வொரு மருந்துத் தூளுக்கும் சோதனையின் முதல் வரி நிறமும் மணமும்தான். வெள்ளைத் தூள், மணமற்றது. அதை எழுதும்போதெல்லாம் பேனா ஒரு நொடி நிற்கும். பிறகு எழுதிவிடுவேன்.

சாம்பார் வேடிக்கை ஓய்ந்தபின் லாவண்யாவுக்குத் தலைவலி தொடங்கியது. மீன் அழுகின நாற்றம், தாங்க முடியவில்லை என்றாள். பிரிடின் அப்படித்தான் நாறும் என்று படித்திருக்கிறேன், முன்பு முகர்ந்தும் இருக்கிறேன். இரண்டு முறை ஷிஃப்ட் நடுவில் ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். லேப் இன்சார்ஜ் மோகன்குமார் சாரிடம் அவளே போய்ச் சொன்னாள். அவர் பெங்களூருக்குப் போன் போட்டார்.

ஹூட்டுக்குக் குழாய் போட்ட பெங்களூர் கம்பெனியிலிருந்து இன்ஜினியர் சௌந்தரராஜன் சார் வந்தார். வயதானவர், பொறுமையானவர். டிஷ்யூ பேப்பரை நீளவாக்கில் கிழித்து ஹூட்டின் வாயருகே பிடித்தார். பேப்பர் உள்ளே பறந்தது. அவருடைய ஆட்கள் ஏணியோடு வந்துபோய்க்கொண்டு இருந்ததால் கதவு திறந்தே இருந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை.

"இழுவை ஜோரா இருக்குதே" என்றவர் என் பக்கம் திரும்பினார். "நீங்களும் இங்கதானேம்மா வேலை பண்றது? உங்களுக்கு நாத்தம் வருதா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"இல்லீங்க சார்."

அது பொய் இல்லை. ஆனால் லாவண்யாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். மோகன்குமார் சார் அவளிடம், "கேட்டியாம்மா? ஒரே ரூம், ஒரே ஹூட். உனக்கு மட்டும் ஸ்பெஷலா வருமா?" என்றார்.

அறைக்கு வந்தும் அவள் துப்பட்டாவைக் கழற்றவில்லை. கட்டிலில் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"நெசமாச் சொல்லு. அந்த நாத்தம் உனக்கு வரவேயில்ல?"

"வரலடி."

"அதான. கன்ஃபர்ம் ஆர்டர் கைக்கு வரட்டும், மூக்கு தன்னால தொறந்துக்கிரும்."

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. ஆனால் லாவண்யாவிடம் ஒன்றைச் சொன்னால் அவள் அதற்காக யாரிடமாவது சண்டைக்குப் போவாள். அவள் சண்டை போட்டால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். விளக்கை அணைத்துப் படுத்தோம். அதன்பிறகு அவள் காலையில் எனக்காகக் காத்திருக்காமல் முதல் கம்பெனி பஸ்ஸில் போக ஆரம்பித்தாள்.

முப்பத்தெட்டாம் நாள் கட்டடத்தை ஒப்படைக்கும் நாள். சௌந்தரராஜன் சார் மறுபடி வந்திருந்தார். மோகன்குமார் சார் கையெழுத்துப் போட்டுவிட்டால் அவர்கள் வேலை முடிந்தது. பிறகு எது என்றாலும் அடுத்த வருஷ பட்ஜெட்டில்தான். காற்று நன்றாக வரட்டும் என்று யாரோ கதவுக்கு ஓர் அட்டைப்பெட்டியை முட்டுக் கொடுத்திருந்தார்கள். பேப்பர் ஒவ்வொரு ஹூட்டிலும் ஒழுங்காக உள்ளே பறந்தது.

கடைசி ஹூட்டருகே லாவண்யா நின்றாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"இப்ப இழுக்குது சார். நாங்க வேலை செய்யுறப்ப இழுக்கல. நீங்க ஒரு ஷிஃப்ட் இங்கன உக்காந்து பாருங்க."

மோகன்குமார் சார் சிரித்தார். "இன்ஜினியருக்கே பாடமா? உனக்கு ஒத்துக்கலன்னா எழுதிக் குடுத்துட்டு ஊருக்குப் போம்மா. நாளைக்கே பத்து பயோடேட்டா வரும்."

லாவண்யா கோட்டைக் கழற்றி மேஜைமேல் போட்டாள். போகிற போக்கில் அட்டைப்பெட்டியைக் காலால் தள்ளிவிட்டு வெளியேறினாள். கதவு பின்னாலேயே வந்து, எதையோ உறிஞ்சிக்கொண்டதுபோல் இறுகச் சாத்திக்கொண்டது.

சௌந்தரராஜன் சாரின் கையில் இருந்த பேப்பர் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்தது. பிறகு நேராகத் தொங்கியது. மேலே விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது; சாத்திய அறைக்குள் அது இழுக்கப் புதுக் காற்று இல்லை.

அவர் பேப்பரைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். பேப்பரைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மோகன்குமார் சார் போனில் ஏதோ அழுத்திக்கொண்டு இருந்தார், இதைக் கவனிக்கவில்லை. கவனித்தவள் நான் மட்டும்தான் என்று சௌந்தரராஜன் சாருக்கும் தெரிந்தது.

"நாத்தம் ஒண்ணும் இல்லல்லம்மா?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். "அன்னைக்கே நீங்க சொன்னீங்க அல்லவா?"

மோகன்குமார் சார் நிமிர்ந்து, "அவ சொன்னாச் சரியா இருக்கும் சார். அனாவசியமா ஒரு வார்த்தை பேச மாட்டா. அடுத்த வாரம் கன்ஃபர்ம் பண்றோம்" என்றார்.

கதவின் சின்னக் கண்ணாடி வழியாக லாவண்யாவின் முதுகு தெரிந்தது. அவள் இன்னும் போகவில்லை. சுவரில் நெற்றியை வைத்து நின்றுகொண்டு இருந்தாள். போய்க் கதவைத் தள்ளினேன். அசையவில்லை. இரண்டு கையாலும் தள்ளினேன். திறந்தது. வராந்தாவின் காற்று என்னைத் தாண்டிக்கொண்டு அறைக்குள் போனது. லாவண்யா திரும்பினாள்.

நான் அவ்வளவு சத்தமாக அங்கே பேசியதே இல்லை.

"எனக்கு எந்த வாசனையும் தெரியறதில்லீங்க சார். இங்க வந்ததிலிருந்தே தெரியல."