நாலாவது படி

…அப்படியானால் கோளாறு வீடியோ டிரைவரிலும் இல்லை, அதையும் புதிதாகப் போட்டு, கம்ப்யூட்டரை அணைத்துத் திரும்பப் போட்டும் ஆயிற்று, படம் மட்டும் அதே பிடிவாதத்தோடு நின்று நின்றுதான் ஓடுகிறது, மாடிப்படியின் உச்சியில் அவள் கணவர் தெரிகிறார், உறைகிறார், திடீரென்று இரண்டு படி கீழே இருக்கிறார், நடுவில் எப்படி இறங்கினார் என்பது அந்தக் கடவுளுக்கே வெளிச்சம். பின்னால் கொடியில் காய்கிற சட்டையும் அப்படித்தான், காற்றில் கையைத் தூக்கியது தூக்கியபடி நிற்கிறது. மணி மூன்று பத்து. நான்கு மணிக்குள் இந்தப் படம் தபால் ஆபீஸ் டாக்டருக்குப் போய்ச் சேர வேண்டும். கைப்பிடியைத் தொடாமல் பன்னிரண்டு படியும் இறங்கிக் காட்டச் சொல்லியிருக்கிறார், பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டால் திங்கட்கிழமையே பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம், இல்லையென்றால் உட்கார்ந்த இடத்தில் கடிதம் பிரித்துப் போடுகிற மேஜை… இருபத்து மூன்று வருடம் தெருத் தெருவாக நடந்து தபால் கொடுத்த மனிதரை மேஜையில் கட்டிப்போட்டால் என்ன ஆவார்? ஒரு வாரம் தாங்குவாரா? முன்னறையில் அவர் பேப்பர் புரட்டுகிற சத்தம் கேட்கிறது, ஒரே பக்கத்தைத்தான் முன்னும் பின்னும் புரட்டிக்கொண்டிருக்கிறார் போலிருக்கிறது.

பதறக் கூடாது. ஒரு நேரத்தில் ஒன்று. இதுதானே அவள் பிழைப்பு, ஐந்து மாடி அலுவலகத்தில் யாருடைய கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினாலும் கூப்பிடுவது இவளைத்தான், ஒன்றை மாற்று, பார், பிறகு அடுத்தது, ஒரேயடியாக நான்கை மாற்றினால் எது குணப்படுத்தியது என்று கடைசிவரை தெரியாது. திறந்து கிடந்ததையெல்லாம் மூடியாயிற்று, வைரஸ் தேடலை நிறுத்தியாயிற்று, பக்க மூடியைக் கழற்றி விசிறியில் இருந்த தூசியை ஊதியாயிற்று, அதில் நாலு தும்மல் வந்ததுதான் கண்ட பலன்… இன்னொரு விதியும் அவள் வைத்திருக்கிறாள், கோளாறு இதுதான் என்று வருகிறவர் சொல்வதை மட்டும் நம்பவே கூடாது, கண்ணால் பார்த்த பிறகுதான் எதுவும். மூன்றாம் மாடிக்காரர் ஒருவர் பிரிண்டர் செத்துப்போச்சு என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார், போய்ப் பார்த்தால் பிளக் தரையில் கிடக்கிறது, அவர் காலே இடித்துத் தள்ளியிருக்கிறது… தெரியாமல் சொன்னாரா, தெரிந்தும் சொன்னாரா? பாவம், அன்று முழுக்க அவர் இவள் முகத்தைப் பார்க்கவே இல்லை.

அட. கார்டு. கேமராவிலிருந்து எடுத்த கார்டு அந்தப் பழைய, மெதுவாகப் படிக்கிற ரீடரில் அப்படியே செருகியிருக்கிறது, படத்தைக் கார்டிலிருந்தே நேராக ஓட்டிக்கொண்டிருக்கிறாள், மூன்று வாரமாக இதே கதை, கம்ப்யூட்டருக்குக் காப்பி எடுத்துவிட்டுப் பாருங்கள் என்று வாரத்துக்குப் பத்துப் பேருக்குச் சொல்கிற வாய் இது… யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாது, மானம் போய்விடும். காப்பி ஆகட்டும், பச்சைக் கோடு மெல்ல நகர்கிறது. கட்டுப் பிரித்தும் மூன்று வாரம் ஆகிறது, தபால் கொடுக்கப் போன இடத்தில் படி தவறி விழுந்து கால் எலும்பு விட்டுப்போய், அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் ஓடிய ஓட்டம்… இப்போது எலும்பு கூடிவிட்டது, ஆஸ்பத்திரி டாக்டரே சொல்லிவிட்டார். தினமும் படி ஏறி இறங்கிப் பழகுகிறார், கேமராவைச் செருப்பு ஸ்டாண்டு மேல் வைத்துவிட்டு அவரே படமும் எடுத்துச் சாயங்காலம் அவளிடம் கார்டைக் கொடுக்கிறார், எடுப்பதெல்லாம் அவள் வேலைக்குப் போன பிறகு. இன்றைக்கு லீவு போட்டிருக்கிறாளே, இருந்தும் அவள் கடைக்குப் போய் வருவதற்குள் எடுத்து முடித்துவிட்டார். “நான் வந்து எடுக்கறேனே” என்று நேற்றே கேட்டாள். “நீ நின்னு பாத்தா எனக்கு வெக்கமா இருக்கும்மா” என்றார், கல்யாணமாகி இருபது வருடம் கழித்து வெட்கமாம். சிரித்துவிட்டுப் போய்விட்டாள். சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழையும்போது அவர் எப்போதும் உட்கார்ந்தேதான் இருக்கிறார், இல்லையா? அவள் அடுக்களைக்குள் போன பிறகுதான் எழுந்திருக்கிறார்… களைப்பு, வேறென்ன.

ஓடுகிறது. சட்டையின் கை காற்றில் ஏறி, மடங்கி, இறங்குகிறது, எங்கேயும் தடங்கல் இல்லை, அவளுக்குச் சந்தோஷம் தொண்டை வரை வந்துவிட்டது, வெயில்கூட சுவரில் ஒழுங்காக நடுங்குகிறது, அவர் இறங்குகிறார், ஒன்று, இரண்டு, மூன்று… நின்றுவிட்டார். மறுபடியுமா? இல்லை, சட்டை ஆடிக்கொண்டிருக்கிறது. சட்டை ஆடுகிறது, அவர் மட்டும் நாலாவது படிக்கு மேலே வலது காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறார், கை கைப்பிடிப் பக்கம் பாதி தூரம் போய், கேமரா இருப்பது ஞாபகம் வந்த மாதிரி திரும்பி வருகிறது, வாய் எதையோ முணுமுணுக்கிறது, பிறகு கண்ணை மூடிக்கொண்டு காலை வைக்கிறார். ஏழாவது படியில் மறுபடி. கண்ணை மூடிக்கொண்டா படி இறங்குவார்கள்? மூன்று வாரமாக இந்தக் கால் இப்படித்தான் நின்றிருக்கிறது, அவள் ரீடரையும் டிரைவரையும் திட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

“சரியாயிடுச்சா?” என்று முன்னறையிலிருந்து குரல் வந்தது.

“ம்… கம்ப்யூட்டர் சரியாயிடுச்சுங்க.”

பேப்பர் சத்தம் நின்றது. எழுந்து வந்து பார்க்கலாமே, வரவில்லை. “அனுப்பிட்டியா?” என்று கேட்டார், குரல் சாதாரணமாகத்தான் இருந்தது, கொஞ்சம் அதிகமாகவே சாதாரணமாக. இதோ என்றாள், மணி மூன்று நாற்பது, விரல் மவுஸின் மேல் இருக்கிறது, அனுப்பி, டாக்டர் இந்த நிற்பதைக் கவனித்தால் அந்த மேஜை, கவனிக்காவிட்டால் திங்கட்கிழமைப் பையும் யார் வீட்டு மாடிப்படியோ… படம் திக்குகிறது என்று முதலில் சொன்னது யார்? அவள் இல்லை. கட்டுப் பிரித்த அந்த முதல் வாரம், சாயங்காலம் கார்டை அவள் உள்ளங்கையில் வைத்தபடியே சொன்னார், “படம் திக்கித் திக்கித்தாம்மா ஓடும், இந்தக் கம்ப்யூட்டர் பழசாயிடுச்சில்ல”… அப்போது கார்டு அவள் கையில்தான் இருந்தது, அதை அவள் இன்னும் செருகக்கூட இல்லை.