எந்தச் சாமி வருது?

முத்துச்செல்விக்கு வாய் சும்மா இருக்காது. ஒத்தக்கடையில் புதுசாக எழும்பிய வீடுகளின் வரிசையில் தையல் கடை வைத்திருப்பவள். பக்கத்து வீட்டுச் சரண்யாதேவியை அவள் புருஷன் சூரியபிரகாஷ் அடிக்கிற சத்தம் சுவரைத் தாண்டி வந்த அன்று, நேரே போய்க் கதவைத் தட்டி, நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிட்டு வந்தாள். அவன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டான். மறுநாள் மாடியில் துணி காயப்போட வந்த சரண்யாவுக்கு உதடு கிழிந்திருந்தது. பதிலை அவன் அவளிடம் சொல்லியிருக்கிறான்.

அன்று முழுக்க முத்துச்செல்விக்கு வேலை ஓடவில்லை. ஒரே ஜாக்கெட்டுக்கு மூன்று கை வெட்டினாள். அப்புறம் பெண்கள் உதவி மையத்தின் 181-க்குப் போன் போட்டாள். எடுத்த பெண் நிதானமாகச் சொன்னாள்: "நீங்களா முடிவு பண்ணாதீங்கக்கா. அவங்களுக்கு என்ன வேணும்னு முதல்ல கேளுங்க."

கேட்டுக்கொள்வது முத்துச்செல்விக்குப் பழக்கமில்லாத வேலை. இருந்தாலும் மாடிக்குப் போய்க் கேட்டாள்.

சரண்யா ஈரச்சேலையை உதறியபடியே சொன்னாள். "கல்லுப்பட்டில அம்மா வீட்டுக்குப் போயிரணும்க்கா. ரெண்டு தடவை கிளம்பிட்டேன். வாசல்ல கால் வச்சா தெருவுல ஈ காக்கா இருக்காது, கையப் பிடிச்சு உள்ள இழுத்துருவாரு. அந்நேரம் தெரு நிறைய ஆள் நிக்கணும். அம்புட்டுத்தான்."

தெரு நிறைய ஆளுக்கு எங்கே போவது? எதிர்வீட்டு ஒச்சாயியிடம் போய்ச் சொன்னாள். ஒச்சாயி நாலு பசுமாடு வைத்துப் பால் ஊற்றுகிறவள். குலவை போட்டால் யானைமலைக்கு அந்தப் பக்கம் கேட்கும்.

"ஆடி மாசம்தானே. கொலவைச் சத்தம் கேட்டா எந்த வீட்டுல ஆள் உள்ள உக்காந்திருக்கும்? போட்டுருவோம்" என்றாள் ஒச்சாயி.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, 181-இல் சொல்லி வைத்திருந்தபடி தெருமுனையில் வண்டி வந்து நின்றது. உள்ளே உதவி மையத்துப் பெண்ணும் ஒரு பெண் போலீஸும் சரண்யாவின் அம்மாவும். சரண்யா வெளியே வந்து, மறுபடியும் அவன் கை நீண்டுவிட்டால்? இன்னொரு அடி அவளுக்குத் தன்னால் விழுந்தால் இந்தத் தெருவில் குடியிருக்க முடியாது என்று முத்துச்செல்வி நினைத்துக்கொண்டாள்.

ஒச்சாயி ஆரம்பித்தாள். பத்துப் பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். வீட்டுக்கு வீடு கதவு திறந்தது. பாதிக் குளியலில் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தவர்களும் உண்டு.

எல்லாருக்கும் முந்தி வந்து நின்றவன் சூரியபிரகாஷ்தான். செருப்பில்லாத கால், நெற்றி நிறையத் திருநீறு, இரண்டு கையிலும் தேங்காய் பழத் தட்டு. பக்தியில் அவனை ஒரு குறை சொல்ல முடியாது. நடுத்தெருவுக்கு இறங்கி, "எந்தச் சாமிக்கா வருது?" என்று பவ்யமாகக் கேட்டான்.

ஒச்சாயி மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். "ஒன் வீட்டுக்குள்ள இருந்துதான்ப்பா வருது."

திரும்பினான். தோளில் பையும் மார்போடு சர்டிபிகேட் ஃபைலுமாகச் சரண்யா படியிறங்கிக்கொண்டிருந்தாள். அவன் கை நீள வேண்டிய நேரம், கையிலோ தட்டு. சாமித் தட்டைக் கீழே போட மதுரைக்காரன் எவனுக்கு மனசு வரும்? அவன் யோசித்து முடிப்பதற்குள் பெண்கள் நடுவில் புகுந்துவிட்டார்கள். முத்துச்செல்வி முன்னால் நின்றாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

"சரண்யா, உள்ள வா. எல்லாரும் பாக்குறாங்க" என்றான் அடிக்குரலில்.

"பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள்.

அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் பெண்கள் குலவையை மறந்து கூடவே போனார்கள். வண்டிப் படியில் கால் வைத்த சரண்யா திரும்பிப் பார்த்தாள்.

"ஏன்க்கா நிப்பாட்டிட்டீங்க? கல்யாணமாகி இந்த வீட்டுக்குள்ள போகையில எனக்குக் கொலவை போட்டாங்க. வெளிய போகையிலயும் போடுங்க."

ஒச்சாயி போட்டாள். தெருவே போட்டது. முத்துச்செல்விக்கு மட்டும் சிரிப்பும் சேர்ந்துகொண்டதில் பாதி காற்றுதான் வந்தது.