நல்வரவுப் பலகையின் பின்பக்கம்

அளவெடுக்கிற டேப்பை எந்நேரமும் இடுப்பில் சொருகிக்கொண்டு திரிவதால் அவளுக்கு டேப்பு என்று பெயர். சொந்தப் பெயர் ஒன்று இருக்கத்தான் இருக்கிறது, ஆனால் அது வருகைப் பதிவேட்டோடு சரி. டீ குடிக்கப் போனால் பெஞ்சின் உயரத்தை அளப்பாள். பஸ்ஸில் ஏறினால் சீட்டின் ஆழத்தை அளப்பாள். ஒருமுறை பக்கத்து சீட்டுக்காரரின் முழங்காலையே அளக்கப் போய், கண்டக்டர் குறுக்கே வந்ததால் அடி வாங்காமல் தப்பித்தாள்.

வடிவமைப்புக் கல்லூரியில் முதுகலை முதல் வருஷம், நாற்காலி செய்யப் படிக்கிறாள். "நாலு காலு, ஒரு முதுகு. இதுக்கு ரெண்டு வருஷமா?" என்று கேட்டவர் அவளுடைய அக்கா வீட்டுக்காரர். டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். மூன்று வருஷம் அந்தக் கடையில் உட்கார்ந்து, குளியலறைக்கு எந்த நிறம், சமையலறைக்கு எந்த நிறம் என்று வருகிறவர்களுக்கெல்லாம் அட்டையைப் புரட்டிப் புரட்டிக் காட்டியவள்தான் இந்த டேப்பு. யாரோ ஒரு அம்மா, தன் மறைந்த கணவர் பெயரில் ஏற்படுத்திய ஃபெல்லோஷிப் கிடைத்தது. பிழைத்தாள்.

சும்மா சொல்லக் கூடாது, நல்ல ஃபெல்லோஷிப். கல்லூரிக் கட்டணம், தங்குகிற அறை, சாப்பாடு, மரம், அட்டை, பசை எல்லாம் அதில் அடக்கம். அதைவிடப் பெரிசு, அது கொடுத்த நேரம். வேறு வேலைக்கு ஓடாமல் நான்கு மாதம் ஆஸ்பத்திரிகளுக்குப் போய், காத்திருக்கிறவர்களோடு தானும் காத்திருந்தாள். எப்படி உட்காருகிறார்கள், எப்போது நெளிகிறார்கள், எவ்வளவு நேரத்தில் எழுந்து நடக்கிறார்கள் என்று நோட்டு நோட்டாக எழுதினாள். சம்பளத்துக்கு வேலை பார்க்கிற எவருக்கு இப்படி உட்கார நேரம் கிடைக்கும், சொல்லுங்கள்!

பதிலுக்குக் கேட்டது இரண்டே இரண்டு. மூன்று மாதத்துக்கு ஒரு நன்றிக் கடிதம். அதைப் பேராசிரியரே தயாராக ஒரு மாதிரி வைத்திருந்தார்: 'தங்கள் பெருந்தன்மை என் சிறகுகளுக்குக் காற்று.' டேப்பு பல்லைக் கடித்துக்கொண்டு மூன்று தடவை பார்த்து எழுதி அனுப்பினாள். இன்னொன்று, வருஷக் கடைசியில் அந்த அம்மா நேரில் வந்து வேலையைப் பார்ப்பார். பிடித்தால் இரண்டாம் வருஷத்துக்குக் கையெழுத்து. பிடிக்காவிட்டால் மூட்டை கட்டிக்கொண்டு டைல்ஸ் கடைக்கு நடையைக் கட்ட வேண்டியதுதான்.

"மாமா உன் ஸ்டூலைத் துடைச்சு வெச்சிருக்காருடி," என்றாள் அக்கா போனில். "கையெழுத்து ஆகலைன்னா நீ தவிச்சுப் போயிடக் கூடாதுன்னு."

"அந்த ஸ்டூல் மூணு சென்டிமீட்டர் உயரம் ஜாஸ்தின்னு சொல்லுக்கா," என்று வைத்துவிட்டாள். வாய்தான் அப்படிப் பேசியது, கை பெட்டியின் ஆழத்தை அளந்துகொண்டிருந்தது.

அந்த நாளும் வந்தது. பட்டறையின் நடுவே அவளுடைய நாற்காலி நின்றது. உண்மையில் அது நாற்காலியே இல்லை. மரத்தில் செய்வதற்கு முன்னால் முழு அளவில் அட்டையில் செய்து பார்ப்பது இந்தத் தொழிலின் வழக்கம். அட்டையை அட்டையாக விட்டிருக்க வேண்டியதுதானே? டேப்புக்கு மனசு கேட்கவில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து தூரிகையால் மரத்தின் ரேகை ரேகையாக வரைந்து, நடுவில் இரண்டு கணுக்கூடப் போட்டிருந்தாள். தச்சரே வந்தாலும் தட்டிப் பார்க்காமல் நம்பிவிடுவார்.

பக்கத்தில் தாங்கியில் ஒரு ஆளுயரப் பலகை. தலைப்பு: 'குற்றவாளி எண் ஒன்று'. அதற்குக் கீழே எல்லா ஆஸ்பத்திரியிலும் வரிசையாகக் கிடக்குமே, ஓட்டை ஓட்டையாகப் போட்ட இரும்பு பெஞ்சு, அதன் பெரிய படம். சுற்றிலும் சிவப்பு மையில் ஏழு குற்றச்சாட்டுகள். குளிர்காலத்தில் எலும்பு வரை சில்லிடுகிறது. உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷம் முன்னால் வழுக்குகிறது. எழுந்தால் தொடையெல்லாம் அம்மை போட்ட மாதிரி தடம். இப்படியே ஏழு. அதற்கும் கீழே, ஆத்திரம் தாங்காமல் ஒரு வரி: 'இதைச் செய்தவர் ஒரு நாளாவது இதில் உட்கார்ந்ததுண்டா?' அடியோரத்தில் கட்டம் கட்டி ஒரு எச்சரிக்கை: 'பக்கத்தில் இருப்பது வெறும் அட்டை நாற்காலி. தயவுசெய்து உட்கார வேண்டாம்.'

அந்த அம்மா வருவதற்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது பேராசிரியர் ஓட்டமும் நடையுமாக வந்தார். கையில் அலுவலகத்தில் கொடுத்த ஒரு தாள். முகத்தில் ஈயாடவில்லை.

"இந்த வருஷம்தான் முதல்முதலா வரவேற்பு. அதுல படிக்கச் சொல்லி இப்பதான் குடுத்தாங்க. கேளு." எச்சிலை விழுங்கிக்கொண்டு வாசித்தார். "கொடையாளரின் கணவர், ஆஸ்பத்திரிகளுக்கும் பஸ் நிலையங்களுக்கும், துளையிட்ட இரும்பு பெஞ்சுகளை முதன்முதலில் செய்து கொடுத்து..."

"சார்!"

"மேல படிக்கவா?"

"வேணாம் சார்."

டேப்பு பலகையைப் பார்த்தாள். 'குற்றவாளி எண் ஒன்று' அவளைப் பார்த்தது. ஒரு வருஷமாக யார் காசில் சாப்பிட்டாளோ அவர் புருஷனையே ஆளுயரத்துக்கு எழுதிக் கிழித்து வைத்திருக்கிறாள். டைல்ஸ் கடை ஸ்டூல் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது, துடைத்து வைத்தபடி.

"ஒரு வார்த்தை விசாரிச்சிருக்கக் கூடாதா?" என்று பேராசிரியர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"நீங்க குடுத்த கடிதத்துல சிறகும் காத்தும்தானே சார் இருந்துச்சு? பெஞ்சு எங்க இருந்துச்சு?"

அவளோடு படிக்கிற பசை குறுக்கே வந்தான். பத்து விரலிலும் காய்ந்த பசையோடு அலைவதால் அவனுக்கு அந்தப் பெயர். "எதுக்கு ரெண்டு பேரும் அடிச்சுக்கறீங்க? பலகையைத் திருப்பி வெச்சா முடிஞ்சுது. பின்பக்கம் வெள்ளையாத்தானே இருக்கு?"

அட, அதுவும் சரிதான். திருப்பினார்கள். மொட்டையாக இருக்கிறதே என்று பசையே தடித்த பேனாவை எடுத்து, கொட்டை எழுத்தில் 'நல்வரவு' என்று எழுதினான். பேராசிரியர் மூச்சு விட்டார். மூன்று பேருக்கும் படிப்பு இருந்தது, பட்டம் இருந்தது அல்லது வரப் போகிறது. ஆனால் அந்தப் பலகையின் அடியோரத்தில் கட்டம் கட்டி என்ன எழுதியிருந்தது என்பது ஒருவருக்கும் நினைவு வரவில்லை.

அந்த அம்மா வந்தார். அறுபது வயசுக்கு மேல் இருக்கும், நல்ல தாட்டியான உடம்பு, கையில் குடை. லிஃப்ட் வேலை செய்யாததால் மூன்று மாடி ஏறி வந்திருந்தார். பேச்சு வரவில்லை, மூச்சு வாங்கியது. நிமிர்ந்து பார்த்தார். 'நல்வரவு' என்று ஒரு பலகை. அதற்குப் பக்கத்திலேயே, கைப்பிடியோடு அழகான மர நாற்காலி. நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

உட்கார்ந்தார்.

"அம்மா, அது..." என்றாள் டேப்பு.

அவள் கைவேலையைப் பாராட்டத்தான் வேண்டும். நாற்காலி உடனே விழவில்லை. "ரொம்ப வசதியா இருக்கும்மா," என்று அந்த அம்மா சொல்லி முடிக்கிற வரை தாங்கியது. பிறகு 'சொய்ங்' என்று ஒரு பெருமூச்சு விட்டு, முன்கால் மடங்கி, பின்கால் மடங்கி, அவரை மெதுவாகத் தரைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. போகிற வழியில் அவர் எதையாவது பிடிக்க வேண்டுமே என்று பலகையைப் பிடித்தார். தாங்கி சாய்ந்தது, பலகை ஒரு சுற்றுச் சுற்றி அவர் மடியில் வந்து விழுந்தது. நல்வரவு கீழே, குற்றவாளி மேலே.

பேராசிரியர் பதறிக்கொண்டு ஓடினார். "அம்மா, அடி கிடி பட்டுடுச்சா? கையைக் குடுங்க, தூக்கறேன்."

"கொஞ்சம் சும்மா இருங்க," என்றார் அந்த அம்மா. "படிச்சுக்கிட்டிருக்கேன்."

மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, நசுங்கிய அட்டை மேலேயே உட்கார்ந்து, முதல் குற்றத்திலிருந்து ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்தார். டேப்புக்கு அந்த விரலோடு தன் உயிரும் ஊர்ந்து போகிற மாதிரி இருந்தது. கடைசி வரியில் விரல் நின்றது. ரொம்ப நேரம் நின்றது.

"இதை எழுதினது யாரு?"

"நான்தாம்மா," என்றாள் டேப்பு. போகிறதுதான் போகிறது, பொய் சொல்லிவிட்டுப் போவானேன் என்று நினைத்தாள். "எழுதினப்ப யார் செஞ்சதுன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா..."

"தெரிஞ்சிருந்தா?"

"கடைசி வரியை எழுதியிருக்க மாட்டேன். மேல இருக்கற ஏழும் நிஜம்மா. அதை எடுக்க முடியாது."

பேராசிரியர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"கடைசி வரியைத்தான் நான் அவர்கிட்டயே கேட்டேன்," என்றார் அந்த அம்மா. "அவர் ஆஸ்பத்திரியில கிடந்தப்ப வெளியில பதினோரு நாள் அந்த பெஞ்சுலதான் நானும் என் பொண்ணும். இதை எந்தப் பாவி செஞ்சான்னு திட்டிக்கிட்டே அடியில குனிஞ்சு பார்த்தேன், எங்க கம்பெனி சீல்! கண்ணு முழிச்சதும் கேட்டேன். ஒரு நாளாவது அதுல உட்கார்ந்திருக்கீங்களான்னு. சிரிச்சாரு. எனக்கு எங்க உட்கார நேரம்னாரு. மறுநாள் போயிட்டாரு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதுக்குத்தான் இந்த ஃபெல்லோஷிப்பையே வெச்சேன். யாராவது உட்கார்ந்து பார்த்துச் சொல்லட்டும்னு. நாலு வருஷமா என் அலமாரி பூரா சிறகும் காத்துமா வந்து கிடக்கு."

பேராசிரியர் கூரையைப் பார்க்க ஆரம்பித்தார்.

"ஆனா ஒண்ணை விட்டுட்டியே," என்று அந்த அம்மா படத்தைத் தட்டினார். "ரெண்டு சீட்டுக்கு நடுவுல இந்த இரும்புக் கைப்பிடி."

"அது எழுந்திருக்க உதவும்னு நல்லதுல சேர்த்துட்டேன்மா."

"யாரும் படுத்துடக் கூடாதுன்னு வெச்சது அது. அவர் போன அன்னைக்கு என் பொண்ணு பக்கத்துல உட்கார்ந்து அழுதா. இழுத்து மடியில போட்டுக்க முடியலம்மா. நடுவுல இரும்பு."

டேப்பு மேஜையில் அடுக்கியிருந்த நோட்டுகளைத் திரும்பிப் பார்த்தாள். நான்கு மாதம் அளந்தாளே, அத்தனை நோட்டிலும் இது இல்லையே!

"உன்னோடதுலயும் கைப்பிடி இருந்துச்சு, இல்ல?" என்று அந்த அம்மா தனக்கு அடியில் பார்த்தார்.

"இருந்துச்சும்மா. ரெண்டு பக்கமும்."

"நல்ல வேளை, உடைஞ்சுது."

பசைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அந்த அம்மாவும் சிரித்தார். பேராசிரியரிடம் கையை நீட்டி, "அந்தப் படிவத்தைக் குடுங்க," என்றார். 'நல்வரவு' பக்கத்தைத் திருப்பி மடியில் வைத்து, அதன் மேலேயே படிவத்தை விரித்துக் கையெழுத்துப் போட்டார். "ரெண்டாம் வருஷம் பூரா செஞ்சு பாரு. ஆனா இனிமே நன்றிக் கடிதம் வரக் கூடாது. எது தப்புன்னு எழுதி அனுப்பு. சரி, இப்பத் தூக்குங்க."

பேராசிரியரும் பசையும் ஆளுக்கொரு பக்கம் குனிந்தார்கள்.

"ஒரு நிமிஷம் சார்," என்று டேப்பு அவசரமாகத் தரையில் உட்கார்ந்தாள், அந்த அம்மாவுக்குப் பக்கத்தில், மகள் உட்கார்ந்திருக்கக்கூடிய இடத்தில். இடுப்பிலிருந்து டேப்பை உருவினாள். "அம்மா, அவங்க சாய்ஞ்சிருந்தா தலை எங்க வந்திருக்கும்?"

அந்த அம்மா அவளைப் பார்த்தார். பிறகு பலகையை நகர்த்திவிட்டு, தன் மடியில் ஒரு இடத்தைக் கையால் தொட்டுக் காட்டி, கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தார். டேப்பு தான் உட்கார்ந்த இடத்திலிருந்து அதுவரைக்கும் நீட்டி அளந்தாள்.

"ஐம்பத்தாறு சென்டிமீட்டர்," என்றாள். "பசை, எழுதிக்கோ."