ஈசானிய மூலையில் ஒரு கம்பி

"பல்பு எரியுதா இல்லியா? அத்த மட்டும் சொல்லு பாய்."

சம்பந்தம் ஹோல்டரில் மாட்டிய பல்பைத் தூக்கிப் பிடித்தார். அதன் ஒரு ஒயர் பிளக் பாயின்ட்டின் கரண்ட் துளையிலும் மற்றது மேலே இருக்கும் பெரிய எர்த் துளையிலும் செருகியிருந்தது.

"எரியுது," என்றார் ஜாபர் அலி.

"அப்புறம் இன்னா? எர்த் பக்காவா கீது. கையெழுத்தப் போட்டுட்டுக் கெளம்பு."

ஜாபர் அலி பேனாவை எடுக்கவில்லை. வெள்ளானூரில் கோமளா கட்டிய வீட்டுக்கு ஒயரிங் முழுக்கச் சம்பந்தம்தான். ஆனால் வீட்டு இணைப்பு கேட்டு விண்ணப்பிக்க, வேலை சரியாக இருக்கிறதென்று லைசென்ஸ் உள்ள ஒப்பந்ததாரர் சோதித்து ரிப்போர்ட் தர வேண்டும். அந்த லைசென்ஸ் சம்பந்தத்திடம் இல்லை. அதனால்தான் பூந்தமல்லியிலிருந்து ஜாபர் அலியைக் கோமளா வரவழைத்திருந்தாள்.

"பாய், டீ ஆறுது," என்றாள் கோமளா. "இன்னைக்கு ரிப்போர்ட் கெடச்சாதான் சாயந்தரம் அப்ளை பண்ண முடியும். நான் ரிட்டையர் ஆகியாச்சு. மாசக் கடைசில ஆவடி குவார்ட்டர்ஸ் சாவியக் குடுத்தாகணும். கட்டட வேலைக்கு வாங்குன டெம்பரரி லைனும் அன்னைக்கோட முடியுது. இன்னும் ஒம்போது நாள்தான் இருக்கு."

"தெரியும்மா. எர்த் குழி எங்க இருக்கு?"

சம்பந்தம் கோமளாவைப் பார்த்தார். கோமளா சுவரைப் பார்த்தாள்.

"அது கிரகப்பிரவேசம் முடிஞ்சதும் தோண்டலாம்னு..." என்று இழுத்தாள்.

"குழியே இல்லாம பல்பு எப்படி எரியுது?"

ஜாபர் அலி எழுந்து போய் மெயினை அணைத்தார். போர்டைத் திறந்து, உள்ளே இரண்டு திருகுகளுக்கு நடுவே கிடந்த ஒரு சாண் பச்சை ஒயரைக் கழற்றினார். மறுபடி மெயினைப் போட்டார். கூடத்து மின்விசிறி சுற்றியது. சம்பந்தத்தின் கையிலிருந்த பல்பு எரியவில்லை.

"மண்ணுக்குள்ள போக வேண்டிய எர்த்தை, கரண்ட் திரும்பிப் போற நியூட்ரலோட கட்டி வெச்சிருக்காரும்மா. கம்பத்துலருந்து வர்ற நியூட்ரல் என்னைக்காவது அறுந்துதுன்னு வைங்க, உங்க வாஷிங் மெஷின் தகரம் பூரா கரண்ட் நிக்கும். ஈரக் கையோட தொடுவீங்க."

"அய்ய, உடனே ஆளையே சாவடிச்சிட்டான்யா," என்றார் சம்பந்தம். "நானா ஆசப்பட்டு செஞ்சேன்? வாசல் பக்கம் ஈசானிய மூலைல இரும்பு எறங்கக் கூடாதுன்னாங்க யக்கா. தெக்கால செப்டிக் டேங்க். மேக்கால மதில். கிழக்கால கார் ஏற சிமென்ட் போட்டாச்சி. நான் குழிய எங்க மொட்டமாடிலயா தோண்டறது?"

அது உண்மைதான். வாஸ்து பார்க்கும் ஹேமநாதன் சொன்னதை அப்படியே சம்பந்தத்திடம் சொன்னவள் கோமளாதான். 'எப்படியோ பாத்துக்க' என்றும் சொல்லியிருந்தாள். எப்படி என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

"குழி போடுங்க. அளந்து பாத்துட்டுக் கையெழுத்துப் போடறேன்," என்றார் ஜாபர் அலி.

"உட்டுத் தள்ளு யக்கா. ஆவடில லைசென்ஸ்காரர் ஒருத்தர் கீறாரு. போன் போட்டா போதும்."

"போடு," என்றாள் கோமளா. குரல் கொஞ்சம் ஓங்கியே வந்தது. ஜாபர் அலி சோதனை மீட்டரைப் பைக்குள் வைத்துவிட்டு டீயை எடுத்துக்கொண்டார்.

சம்பந்தம் ஸ்பீக்கரில் போட்டார்.

"சொல்லு சம்பந்தம். ஓனர் பேரு, ஆதார் அனுப்பு. எத்தினி ரூம்?"

"மூணு."

"அர மணில வாட்ஸப்ல வந்துரும்."

"சார்," என்று கோமளா குறுக்கிட்டாள். "நீங்க எப்ப பாக்க வருவீங்க?"

"எதம்மா பாக்கணும்?"

கேலியாகக் கேட்கவில்லை. அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. கோமளா எட்டிப் போனை அணைத்தாள்.

"இன்னா யக்கா, கட் பண்ணிட்ட? நல்ல மனுசன்."

"நல்ல மனுஷன்தான். இரு."

அவள் தன் போனில் ஹேமநாதனைக் கூப்பிட்டாள்.

"கோமளாம்மா, சொல்லுங்கோ."

"சார், அந்த ஈசானிய மூலை. அங்க ஒரு எர்த் கம்பி எறக்கியே ஆகணுமாம்."

"இரும்பு கூடாதும்மா. கண்டிப்பா கூடாது."

"வேற எடமே இல்ல சார்."

எதிர்முனை யோசித்தது. "செம்புன்னா தோஷமில்ல. செம்பு தாராளமா எறக்கலாம்."

சம்பந்தம் துள்ளினார். "காப்பர் ராட்! கடைல கீது யக்கா. தகதகன்னு செம்பு. இத்த மொதல்லயே சொல்லியிருந்தா அன்னிக்கே எறக்கியிருப்பேன்ல?"

கோமளாவுக்கு மூச்சு வந்தது. போனை வைத்துவிட்டுச் சிரித்தாள்.

ஜாபர் அலி டம்ளரை ஜன்னல் விளிம்பில் வைத்தார். "அம்மா, ஒண்ணு சொல்லிடறேன். அந்த ராடு மேலதான் செம்பு. உள்ள இரும்பு."

"யோவ் பாய்! கேட்டாங்களா உன்ன?"

"கேக்கலதான். நாளைக்கு இவங்க வீட்ல யாருக்காவது காய்ச்சல் வந்தா, அன்னைக்குத் தெரிஞ்சு மனசு கெடந்து அடிச்சுக்கும். இப்பவே தெரியட்டும்."

"வெளிய செம்புதான தெரியுது? வாஸ்துக்கு அது போதாதா?"

கோமளா வாசல் பக்கம் போய் அந்த மூலையில் நின்றாள். சிமென்ட் படாமல் ஒரு கோரைப்பாய் அகலத்துக்கு மண் இருந்தது. அங்கே அவள் துளசி வைக்க நினைத்திருந்தாள். திரும்பி வந்தாள்.

"ஹேமநாதன் சார் இந்த வீட்டுக்கு வந்ததே இல்ல, சம்பந்தம். பிளானப் பாத்துத்தான் சொன்னார். அந்த ஆவடிக்காரர் பிளானக்கூட பாக்கல. நேர்ல வந்து பாத்தது பாய் மட்டும்தான்." சற்று நின்று, "எறக்கிடுங்க," என்றாள். "இரும்புன்னு தெரிஞ்சே எறக்கறேன்."

சம்பந்தம் வண்டியை எடுத்துப் போய் ராடும், குழிக்குள் கொட்ட மூட்டையில் உப்பும் கரியும் வாங்கி வந்தார். கடப்பாரையால் தோண்டினார். ராடை நிறுத்தி அடிக்கப் போகும்போது, "இரு," என்று கோமளா உள்ளே ஓடிப்போய் மஞ்சளும் குங்குமமும் எடுத்து வந்து அதன் தலையில் வைத்தாள்.

"அதான் பயம் போயிடிச்சின்னு சொன்ன?"

"யார் சொன்னா? அடிய்யா."

ஜாபர் அலி அளந்தார். உதட்டைப் பிதுக்கினார். மண் ஈரமானால்தான் கரண்ட் இறங்கும் என்று நான்கு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னார், ஒரு மணி நேரம் கழித்து மறுபடி அளந்தார். அந்த ஒரு மணி நேரமும் கோமளா கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த முறை அளவு சரியாக இருந்தது. பிறகு அவர் எல்லாப் பிளக் பாயின்ட்டிலும் பல்பைச் செருகிப் பார்த்துவிட்டு, தரையில் உட்கார்ந்து ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார்.

"அஞ்சு மணிக்குள்ள போனா கம்ப்யூட்டர் சென்டர்ல ஏத்திடுவாங்கம்மா."

கோமளா காகிதத்தை வாங்கிக்கொண்டாள். செருப்பை மாட்டும்போது பக்கத்து வீட்டிலிருந்து வாஷிங் மெஷின் கடகடவென்று சுற்றும் சத்தம் கேட்டது. மூன்று மாதத்துக்கு முன் குடிவந்த நிவேதிதாவின் வீடு. ஐடி வேலை, கைக்குழந்தை.

"சம்பந்தம், அந்த வீட்டு ஒயரிங் யாரு?"

அவர் கடப்பாரையில் ஒட்டிய மண்ணை விரலால் வழித்தார்.

"நான்தான்."

"குழி?"

"அவங்களுக்கும் அதே ஹேமநாதன்தான் யக்கா."

"கையெழுத்து?"

"ஆவடி."

மெஷின் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. மணி நாலரை.

"நாளைக்கு வந்து சொல்றேன் யக்கா. நீ மொதல்ல போயி அப்ளை பண்ணு. டைம் ஆவுது."

"நாளைக்குன்னா நீ வரமாட்ட. எனக்கு உன்னத் தெரியும்."

"நான் இன்னான்னு சொல்றது? நானே போட்ட வேலைய நானே தப்புன்னு போய் சொன்னா, நாளைக்கு எவன் கூப்புடுவான் என்ன?"

"எப்படியோ பாத்துக்கன்னு நான் சொன்னத நானும் வந்து சொல்றேன். வா."

அவள் ரிப்போர்ட்டை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டு கேட்டைத் திறந்தாள். சம்பந்தம் நகரவில்லை. ஜாபர் அலி பையைத் தோளில் மாட்டி, பல்பை எடுத்து அவர் கையில் கொடுத்தார். சம்பந்தம் அதை வாங்கி ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு கேட்டை நோக்கி நடந்தார்.

உள்ளேயிருந்து நிவேதிதாவின் குரல் வந்தது. "யாரு? ஒரு நிமிஷம், கை ஈரமா இருக்கு."

"மொதல்ல அந்த மெஷின ஆப் பண்ணும்மா," என்றார் சம்பந்தம், கதவு திறக்கும் முன்பே. "அதத் தொடாத. சுவத்துல சுச்ச ஆப் பண்ணு. கைய நல்லா தொடச்சிக்கினு."