செனட் சபைத் தாள்கள்

பாயும் தலையணையும் கொழுந்துவிட்டு எரிந்தன. அடுத்ததாக, தம்பி ஆபேலின் காகிதக் கட்டைத் தூக்கினான் ராஜையன். தங்கை பூங்கனி ஓடிவந்து மறித்தாள்.

“அத விடு அண்ணா.”

“ஏட்டி, காசநோய்க்காரனுக்க சாமானம் ஒண்ணும் வீட்ல இருக்கப்பிடாதுண்ணு டாக்டரு சொன்னாருல்லா? எனக்க பிள்ளைகளுக்கு வந்தா?”

ஆபேலை அடக்கம் செய்துவிட்டு வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

மிஷன் உதவியில் அமெரிக்கா போய் அரசியல் படித்தவன் அவன். எவரும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமலே, கமிட்டி மேஜையில் கிடத்திவைத்தே ஒரு மசோதாவை அந்த நாட்டு செனட் சபை எப்படிச் சாகடிக்கிறது என்று ஐந்து வருஷம் தோண்டித் துருவி எழுதினான். “நம்ம சட்டசபையிலயும் இது நடக்கும் அக்கா. இப்பவே தெரிஞ்சு வச்சுக்கிடணும்” என்பான். கல்லூரியில் பாடம் நடத்த வந்த மறுவருஷமே இருமல் பிடித்தது. எழுதியதை அனுப்பினால் புத்தகமாக்கலாம் என்று அமெரிக்காவிலிருந்து அவனுடைய பேராசிரியர் கடிதம் போட்டிருந்தார். நேற்றுக் காலைகூடக் கடைசி அத்தியாயத்தில் ஒரு தேதியைத் திருத்திவிட்டுத்தான் பென்சிலை வைத்தான். மத்தியானம் மூச்சு நின்றது.

“பதினோரு நாளு தா அண்ணா. தொழுவத்துல இருந்து பாத்து எழுதுதேன். அவன் எழுதினத நானே எரிச்சிருவேன். வீட்டுக்குள்ள வரமாட்டேன்.”

“உனக்கு வந்தா?”

அவள் அவன் கையிலிருந்து கட்டை வாங்கிக்கொண்டாள்.

பள்ளிக்கூடத்துக்கு லீவு எழுதிப் போட்டாள். மதினி கஞ்சியை வாசலில் வைத்துவிட்டுப் போவாள். பெண்பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த கை, எழுத்து பிசகவில்லை. ஒவ்வொரு தாளும் முடிந்ததும் நெருப்பில் போட்டாள்.

எழுபத்து மூன்றாம் தாளின் ஓரத்தில், பென்சிலில், தமிழில் எழுதியிருந்தான்: ‘அக்காவுக்கு இது விளங்குமா? கேட்க வேண்டும்.’

அந்தப் பத்தியை இன்னொரு தடவை நிதானமாக வாசித்தாள். விளங்கியது. பார்த்து எழுதிவிட்டு, அந்தத் தாளையும் போட்டாள்.

பன்னிரண்டாம் நாள் காலை குளித்து, வெள்ளைச் சேலை உடுத்து, மெழுகுசீலையில் தைத்த பொட்டலத்தோடு தக்கலைத் தபாலாபீசுக்குக் கிளம்பினாள். வாசலில் வண்டி பூட்டி நின்றது. ராஜையன் ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருந்தான்.

“இஞ்ச தா” என்று கை நீட்டினான்.

வில்லுக்குறி ஊரைத் தாண்டும்போது சாரல் அடித்தது. அவன் தோள்துண்டை எடுத்து மடியிலிருந்த பொட்டலத்தை மூடிக்கொண்டான்.