கையைக் கட்டிக்கொண்டு கேட்ட கச்சேரி

என் மனைவி தாரிணி வயலின் வாசித்தால் தாளம் போடுவது நான். பதினெட்டு வருஷமாக இதுதான் எங்கள் ஏற்பாடு. மயிலாப்பூர் சபாவாக இருந்தாலும் சரி, ஆக்லாந்தில் யார் வீட்டு நவராத்திரிக் கொலுவாக இருந்தாலும் சரி, முதல் வரிசையில் உட்கார்ந்து தொடையில் தட்டுவேன். அவள் ஓரக்கண்ணால் என் கையைப் பார்த்துக்கொள்வாள். பகலெல்லாம் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டுகிற சாதாரண ஆள்தான் நான். ஆனால் தாளத்தில் என்னை அசைக்க ஆள் கிடையாது. தற்பெருமை என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

கச்சேரி முடிந்து காரில் ஏறியதும் அவள் கேட்கிற முதல் கேள்வி, “தாளம் சரியா இருந்துச்சா?” நான் மார்க் போடுவேன். தொண்ணூறுக்கு மேல் போட்டதே இல்லை.

தாரிணி எப்போதும் பக்கவாத்தியம்தான். பாடுகிறவர் எங்கே போனாலும் பின்னாலேயே போகவேண்டும். அவர் தடுக்கினால் தாங்கிப் பிடிக்கவேண்டும். கைதட்டல் மட்டும் அவருக்கு. அவள் இதைக் குறையாகச் சொன்னதில்லை, நானும் யோசித்ததில்லை.

அவள் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறாள். அதே ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிற தோருன் நார்வேக்காரி. இரண்டு வருஷத்துக்கு முன் அவள்தான் தன் ஊர் வயலினைத் தாரிணியிடம் காட்டினாள். வாசிக்கிற தந்திகள் நாலு, அவற்றுக்கு அடியில் யாரும் தொடாமலே சேர்ந்து ஒலிக்கிற தந்திகள் இன்னும் நாலைந்து. உடம்பெல்லாம் முத்துச்சிப்பி பதித்த வேலைப்பாடு. தலைப் பகுதியில் வாயைப் பிளந்த ஒரு மிருகம். வீணையில் இருக்கிற யாளிக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று நான் சொன்னேன். தாரிணி என் ஜோக்கைக் கவனிக்கவில்லை. வில்லை ஒரு தடவை இழுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். அன்றைக்கே தோருனின் இசைக் குழுவில் சேர்ந்துவிட்டாள்.

தரையில் சம்மணம் போட்டு வாசித்துப் பழகியவள் நாற்காலிக்கு மாறினாள். வயலின் தலை இனி காலில் ஊன்றாது என்பது பழகவே ஆறு மாதம் ஆயிற்று. அடுத்த சங்கடம் செருப்பு. அந்த ஊர் நடன இசைக்கு வாசிப்பவரே காலால் மேடையை உதைத்துத் தாளம் கொடுக்கவேண்டும். அதற்கு ஷூ வேண்டும். வாத்தியத்துக்குப் பக்கத்தில் செருப்போடு போவதா என்று இவள் தவித்தாள். கடைசியில் புது ஷூ ஒன்று வாங்கி, தெருவில் ஒரு அடிகூட வைக்காமல், பட்டுப்புடவையோடு சேர்த்து அலமாரியில் வைத்தாள். மேடைக்கு மட்டும் போட்டுக்கொள்வாள்.

ஆக்லாந்தில் நடக்கிற இந்த வருஷ நார்வே இசை விழாவில், நாட்டுப்புற இசைப் பகுதியில் ஒரு நடனத்துக்கு அவளைத் தனியாக வாசிக்கச் சொன்னார்கள். இரண்டு ஜோடிகள் ஆடுவார்கள், வாத்தியம் இவளுடையது மட்டும். செய்தியை அவளே வந்து சொன்னாள்.

“எனக்கு முன்னாடி பாட யாரும் இல்லங்க. நான் போறதுதான் வழி.”

அப்போதுதான் எனக்குப் பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. நாற்பத்திரண்டு வயதில் இது அவளுடைய முதல் தனிக் கச்சேரி.

ஒத்திகை ஊருக்குள்ளேயே த்ரீ கிங்ஸ் பகுதியில் ஒரு கூடத்தில் நடந்தது. நான் வழக்கம்போல முதல் வரிசையில் போய் உட்கார்ந்தேன். மூன்றடித் தாளம் என்று முன்பே சொல்லியிருந்தாள். மூன்றுதானே என்று தொடையில் தட்ட ஆரம்பித்தேன். நாலாவது சுற்றிலேயே ஒரு ஜோடி தடுமாறியது. மறுபடி தொடங்கினார்கள். மறுபடி தடுமாற்றம். மூன்றாவது தடவை இரண்டு ஜோடிகளும் முட்டிக்கொண்டன. தாரிணியின் முகம் சுருங்கிப்போயிற்று.

தோருன் என் பக்கத்தில் வந்து மெதுவாக விளக்கினாள். இந்த நடனத்தில் மூன்று அடியும் சமமில்லை. முதல் அடி நீளம், இரண்டாவது கொஞ்சம் குறைவு, மூன்றாவது குட்டை. தாரிணிக்கு அது நன்றாகவே வரும், ஆனால் என் கையைப் பார்த்ததும் சமமாகிவிடுகிறது. அடுத்த சனிக்கிழமையும் இப்படியே ஆனால் நடனத்துக்குத் தானே வாசித்துவிடுவதாகவும், தாரிணி குழுவோடு சேர்ந்து வாசிக்கட்டும் என்றும் சொன்னாள். அன்றைக்கு நான் வராமல் இருந்தால் நல்லதாம்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. வீடு போகும் வழியெல்லாம் கத்தினேன். மூன்று என்றால் மூன்றும் சமமாக இருக்கவேண்டாமா, ஒன்று நெட்டை ஒன்று குட்டை என்றால் அது தாளமா, தடுக்கி விழுவதா என்று கேட்டேன். வீட்டு வாசலில் கார் நின்றதும் தாரிணி சொன்னாள்.

“அவங்க சொல்றது சரிங்க. உங்க கை கண்ணுல பட்டா என் கால் அதுகூடவே போயிடுது. எனக்கு இது வேணும். கெடுத்துடாதீங்க.”

பதினெட்டு வருஷத்தில் ‘எனக்கு வேணும்’ என்று அவள் சொல்லி நான் கேட்டதில்லை.

அதற்காக விட்டுவிடுகிற ஆளா நான்? தோருன் பழகுவதற்காகக் கொடுத்த ஒலிப்பதிவை எடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். ஒவ்வொரு அடிக்கும் எத்தனை மில்லிசெகண்ட் என்று அளந்து, உங்கள் ஆட்களுக்கே தாளம் நிற்கவில்லை பாருங்கள் என்று அந்த அம்மாவுக்கு அனுப்பிவைக்கத் திட்டம். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அளந்தேன். நீளம், நடுத்தரம், குட்டை. அடுத்த சுற்றும் அதேபோல. ஐம்பதாவது சுற்றிலும் அதேபோல. பிறகு தாரிணி வீட்டில் பழகியதை அவளுக்குத் தெரியாமல் பதிந்து அளந்தேன். அதுவும் அச்சு அசலாக அப்படியே இருந்தது. நான் இல்லாத அறையில் என் மனைவி பிசகவே இல்லை. பிசகு என் தொடையில்தான் இருந்தது.

அடுத்த சனிக்கிழமை கூடத்துக்கு வெளியே காரிலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரம் கழித்து ஷூப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நிகழ்ச்சி நிரலில் தன் பெயரைத் தனியாகப் போட்டுவிட்டார்கள் என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. தெரிந்த தமிழர்களுக்கெல்லாம் போன் போட்டேன். மிருதங்கம் செல்வராஜ் தலைமையில் இருபத்தைந்து பேர் வருவதாகச் சொன்னார்கள். அந்த மூன்றடி விவகாரத்தை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. நாம் மூக்குடைபட்ட கதையை யார் சொல்லிக்கொண்டிருப்பார்கள்?

விழா நாளன்று மதியம் முதலில் பியானோக்காரரும் நால்வர் தந்தி வாத்தியக் குழுவும் வாசித்தார்கள். அதன்பின் தாரிணி வந்தாள். பட்டுப்புடவை, அலமாரி ஷூ, கையில் முத்துச்சிப்பி வயலின். நான் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

வில் இறங்கியது. அடியில் இருந்த தந்திகள் தாமாகவே முனக ஆரம்பித்தன. அவள் கால் மேடையில் விழுந்தது. நீளம், நடுத்தரம், குட்டை. இரண்டு ஜோடிகளும் அந்தக் காலை நம்பிச் சுழன்றார்கள். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. எனக்குக் கொஞ்சம் வலித்தது. பொய் சொல்லமாட்டேன்.

அப்போதுதான் பின்னாலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. செல்வராஜின் கனத்த கை தொடையில் தட்டிக்கொண்டிருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, எல்லாம் சமமாக. நல்ல ரசிகர்கள் சும்மா இருப்பார்களா? ஒருவரைப் பார்த்து ஒருவர், இருபத்தைந்து கைகளும் சேர்ந்துகொண்டன. நானே போன் போட்டு அழைத்துவந்த கைகள். தாரிணியின் கண் நிமிர்ந்தது. கால் ஒரு நொடி தயங்கியது.

நான் எழுந்து நின்றேன். முந்நூறு பேர் கூடிய அரங்கில், மேடைக்கு முதுகைக் காட்டி எங்கள் ஆட்களைப் பார்த்தேன். இரண்டு கைகளையும் மார்போடு இறுக்கிக் கட்டிக்கொண்டு, இப்படி இருங்கள் என்று தலையை ஆட்டினேன். செல்வராஜ் திகைத்துப்போய்க் கையைக் கட்டினார். மற்றவர்களும் கட்டிக்கொண்டார்கள்.

அந்த அமைதியில் என் முதுகுக்குப் பின்னால் அவள் கால் மட்டும் கேட்டது. முன்னைவிட அழுத்தமாக, துளியும் பிசகாமல். அங்கே நின்றுகொண்டே அழுதுவிட்டேன். முடிந்ததும் அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. அவ்வளவும் அவளுக்கு, அவள் ஒருத்திக்கு.

டீ குடிக்கும்போது செல்வராஜ் தயங்கித் தயங்கி, தாளம் நிற்கவில்லை போலிருந்ததே, பிடித்து நிறுத்தலாம் என்றுதான் தட்டினேன் என்றார்.

“நல்லா நின்னுச்சு சார்” என்றேன். “அது அவ தாளம். நமக்குத்தான் தெரியல.”

காரில் ஏறினோம். தாரிணி ஷூவைக் கழற்றித் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். வழக்கமான கேள்விக்காகக் காத்திருந்தேன். நூறு போடுவதென்று முடிவே செய்திருந்தேன். மோட்டார்வே வந்தது. எங்கள் வீடு இருக்கிற ஏவன்டேலும் வந்துவிட்டது. அவள் கேட்கவில்லை. கேட்கவேண்டிய அவசியம் இல்லை என்று அவளுக்கே தெரிந்திருந்தது. எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு நான்தான் கேட்டேன்.

“இன்னைக்கு என் கை சரியா இருந்துச்சா?”

அவள் கொஞ்ச நேரம் யோசிக்கிற மாதிரி பாசாங்கு செய்தாள்.

“நூத்துக்கு நூறு.”

பதினெட்டு வருஷத்தில் நான் அவளுக்குப் போடாத மார்க் அது.