மொட்டைமாடி மிளகாயும் பூப்பந்து டவலும்

தென்கொரியாவின் டேகு நகரத்து ஆகஸ்ட் வெயிலில், காலையும் மாலையும் தண்ணீர் காணாத மிளகாய்ச் செடி மறுநாள் குச்சிதான். யங்ரானுக்கு இது பட்டுத் தெரிந்த விஷயம். போன வருடம் அவள் அம்மாவின் திதிக்கு ஊருக்குப் போயிருந்தபோது, தண்ணீர் ஊற்றுவதாகச் சொன்ன கணவன் துசிக் சுத்தமாக மறந்துபோனான். அன்றோடு அவள் வெளியூர் போவதையே விட்டுவிட்டாள்.

இந்த முறை பள்ளித் தோழிகள் விடவில்லை. ஜேஜு தீவுக்கு எல்லோருக்குமாக டிக்கெட் எடுத்துவிட்டார்கள். யங்ரானுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனால், குளிர்காலத்துக்குப் போடும் கிம்ச்சி என்ற முட்டைக்கோஸ் ஊறுகாய்க்கு இந்த வருடம் என் செடி மிளகாய்த் தூள்தான் என்று தெரு முழுக்கப் பீற்றிக்கொண்டவளும் அவள்தான். தீவும் வேண்டும், மிளகாயும் வேண்டும்.

வழியை அவளே கண்டுபிடித்தாள். காலிக் கிம்ச்சி டப்பாவின் அடியில் ஓட்டை போட்டு, பருத்தித் துணி நாடா ஒன்றை நுழைத்து, மண்ணை நிரப்பிச் செடியை நட்டாள். பிளம் பழ ஊறல் போட்ட பெரிய பிளாஸ்டிக் பாட்டிலின் கழுத்தை அறுத்து, தண்ணீர் ஊற்றி, அதன்மேல் டப்பாவை உட்கார வைத்தாள். நாடா தண்ணீரில் தொங்கியது. சாயங்காலம் துவண்டு கிடந்த செடி விடிந்ததும் நிமிர்ந்து நின்றது. கீழ்வீட்டு மால்சுன் அக்காவைப் பல் தேய்க்கக்கூட விடாமல் மாடிக்கு இழுத்துவந்து காட்டினாள்.

நாடாவுக்குப் பஞ்சமில்லை. முதல் பிறந்தநாள், கடைத்திறப்பு, பணி ஓய்வு என்று எந்த விசேஷத்துக்குப் போனாலும் பெயர் அச்சடித்த டவல் ஒன்று கையில் வந்துவிடும். அத்தனையையும் கிழித்தாள். அலமாரியில் மடிப்புக் கலையாமல் இருந்த, துசிக்கின் பூப்பந்துக் கழகம் கோப்பை வென்றபோது கொடுத்த டவல் மட்டும் தப்பியது.

"அத மட்டும் தொட்டே, நடக்கறதே வேற" என்றிருந்தான்.

புறப்படுவதற்கு முந்தின நாள் பாட்டில்களையெல்லாம் கழுவி மாடிப்படியில் அடுக்கிவிட்டு, தொப்பி வாங்கப் போனாள். திரும்பி வந்தால் படி துப்புரவாக இருந்தது.

வீட்டில் ஒரு துரும்பைக்கூட நகர்த்தாத துசிக், மறுசுழற்சிக் குப்பை போடும் நாளில் மட்டும் ராஜா. லேபிளை உரிப்பான், மூடியைத் தனியே பிரிப்பான், பாட்டிலை மிதித்து நசுக்குவான்.

"படியெல்லாம் ஒரே குப்பை. அத்தனையும் மிதிச்சுத் தட்டையாக்கிட்டேன்" என்றான் பெருமையாக.

யங்ரான் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். "அது குப்பையில்லீங்க. என் செடிக்குத் தண்ணித் தொட்டி. நான் போகல, விடுங்க."

துசிக்கின் முகம் செத்துவிட்டது. தெருமுனைக்கு ஓடினான். குப்பை லாரி இன்னும் வரவில்லை. தெருவே அப்போதுதான் குப்பையை இறக்கிக்கொண்டிருந்தது. அவன் இரண்டு கையிலும் வாளிகளோடு மூச்சிரைக்கத் திரும்புவதைப் பார்த்ததும் யங்ரானும் எழுந்து ஓடினாள். சலவைத்தூள் வாளி, ஐஸ்கிரீம் டப்பா, சோயா சாஸ் கேன் என்று அகப்பட்டதையெல்லாம் அள்ளினார்கள். விஷயம் தெரிந்ததும் அக்கம்பக்கத்தார் தாங்களாகவே நீட்டினார்கள்.

"ஏன் தம்பி, தெருவுக்கே குப்பை பிரிக்கக் கத்துக்குடுத்த ஆளு, இப்ப குப்பைய வீட்டுக்குத் தூக்கிட்டுப் போறீங்களே" என்றாள் மால்சுன் அக்கா. யங்ரானுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. லாரி தெருவுக்குள் திரும்பும் சத்தம் கேட்டபோது கடைசி வாளி மாடியேறிக்கொண்டிருந்தது.

மாடியில் புதுச் சிக்கல். வாளிகள் ஆழம், நாடாக்கள் குட்டை. தண்ணீர் கொஞ்சம் இறங்கினாலும் நாடாவுக்கு எட்டாது. கிழிக்கப் பருத்தி டவலும் மிச்சமில்லை.

"நீ போய்ப் பெட்டிய அடுக்கு. இத நான் பாத்துக்கறேன்" என்றான் துசிக்.

நம்பிக்கையே இல்லாமல் விமானம் ஏறினாள். தீவிலிருந்து போன் செய்தபோதெல்லாம் அவன், "வந்து பார்" என்று மட்டும் சொன்னான்.

திரும்பியதும் பெட்டியைக்கூட இறக்காமல் மாடிக்கு ஓடினாள். இலையெல்லாம் பச்சைப்பசேல் என்றிருக்க, மிளகாய்கள் சிவக்கத் தொடங்கியிருந்தன. ஒரு டப்பாவைத் தூக்கிப் பார்த்தாள். அவளுடைய நாடாவின் நுனியில் தடித்த வெள்ளை நாடா ஒன்று முடிச்சுப் போட்டுத் தொங்கியது. அதில் நீல எழுத்தில் 'சாம்பியன்' என்று பாதி தெரிந்தது.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பின்னால் வந்து நின்ற துசிக் வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "அதுதான் நல்லா உறிஞ்சுது" என்றான்.

"அப்ப இன்னொரு கோப்பை ஜெயிச்சு வைங்க" என்றாள் யங்ரான். "தீவுல இன்னும் பாதி பாக்கவே இல்ல."